விடையைக் கண்டுபிடிப்பது யார்? புத்தகம், வீடியோ, பயிற்சிச் செயலி, ஏஐ: எந்த வேலைக்கு எது

பெரு நாட்டில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. லேப்டாப் வழங்கப்பட்ட பள்ளிகளில் ஒரு மாணவருக்கு 1.18 கணினி இருந்தது. வழங்கப்படாத பள்ளிகளில் 0.12. பதினைந்து மாதம் கழித்துக் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் தேர்வு வைத்தபோது இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வில் இரண்டு பேருக்கு ஒரு கணினிதான். வாரத்துக்கு மொத்தமே 2 மணி நேரம், அதிலும் கணக்குப் பயிற்சி விளையாட்டுகள் மட்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் கணக்கு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) உயர்ந்திருந்தது. நூறு பேரில் 50ஆவது இடத்தில் இருக்கும் பிள்ளை ஏறக்குறைய 32ஆவது இடத்துக்கு வருவதற்கு இது சமம். திட்டம் முடிந்து ஓராண்டில் அந்த லாபம் சுமார் 0.1 ஆகக் கரைந்துபோனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயிற்சி நின்றால் பலனும் தேயும்.

தலைக்கொரு கணினி இருந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பாதிக் கணினி இருந்த இடத்தில் நடந்தது. பெருவில் கருவி வந்தது, ஆனால் அதை வைத்து எந்தப் பாடத்தை எப்படிச் செய்வது என்பது பெரும்பாலும் பள்ளிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டது. வதோதராவில் பிள்ளை திரை முன்னால் உட்கார்ந்த ஒவ்வொரு நிமிடமும் ஒரு கணக்கைப் போட வேண்டியிருந்தது. ஆகவே எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் திரை அளவையும் நினைவகத்தையும் ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் கருவி முன்னால் இருக்கும்போது மூளையைக் கசக்குவது பிள்ளையா, கருவியா? கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

வாசிக்க: தாளா, திரையா?

2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளோடு, 2018இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பாடநூல் வகை உரைநடையைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதை படிக்கும்போது அந்த வித்தியாசம் இல்லை. நேரக் கட்டுப்பாடு வைத்தபோது இடைவெளி கூடியது. திரையோடு பழகப் பழக இது மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளின் முன்னிலை குறையாமல் கூடவே செய்தது.

வித்தியாசம் சிறியதுதான். அதனால் தாள் கிடைக்காத இடத்தில் திரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாசிக்கும் முறையை மாற்றினால் போதும். தொடர்ந்து உருளும் பக்கத்தைவிட ஒவ்வொரு பக்கமாகப் புரளும் அமைப்பு நல்லது, ஏனென்றால் 'அந்த வரைபடம் இடப்பக்க மேல்மூலையில் இருந்தது' என்று மனம் இடத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு உட்தலைப்பு முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, படித்ததை நோட்டில் மூன்று வரியில் எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் கண் ஓடியிருக்கிறது, பாடம் ஏறவில்லை. சொல் தேடுதல், எழுத்தைப் பெரிதாக்குதல், புதிய தரவைப் பார்த்தல் ஆகியவற்றுக்குத் திரைக்கு நிகரில்லை. பத்துப் பக்கக் கோட்பாட்டைப் படித்து நாளை வகுப்பில் விளக்க வேண்டுமானால் தாள்.

குறிப்பெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் எழுதியவர்கள் லேப்டாப்பில் தட்டியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் மேலாக இருந்தார்கள் என்ற 2014ஆம் ஆண்டு ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். பிறகு அதையே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனாலும் எங்கள் பரிந்துரை நோட்டுதான். காரணம் எளிது. கை மெதுவாக ஓடுவதால் சொன்னதை அப்படியே எழுத முடியாது, சுருக்கியே ஆக வேண்டும். சமன்பாட்டையும் படத்தையும் உடனே வரையலாம். நோட்டில் இன்னொரு ஜன்னலைத் திறக்கவும் முடியாது.

வீடியோ பாடம்: எங்கே பலம், எங்கே ஏமாற்றும்

இதயத்தின் வால்வு திறந்து மூடுவது, காம்பஸ் வைத்துக் கோணத்தை இருசமமாக வெட்டுவது, ஆய்வகத்தில் பியூரெட்டைத் திறக்கும் விதம், ஒரு சொல்லின் உச்சரிப்பு: அசைவும் ஒலியும் உள்ள எதற்கும் வீடியோவே முதல் தேர்வு. புத்தகத்தில் நான்கு படம் போட்டாலும் இது வராது. வரையறை, தேற்ற நிரூபணம், ஆண்டுகளும் காரணங்களும் நிறைந்த வரலாறு ஆகியவற்றுக்கு வீடியோ பலவீனமானது. கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் கேட்டால் இருக்காது.

அந்த 'புரிந்த மாதிரி' உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2006இல் வெளியான ஒரு சோதனை நல்ல விளக்கம். மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பத்தியை ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்த பத்தியில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த பத்தியில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் அதே வரிசையில் 42, 56. அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மறுவாசிப்பு ஜெயிக்கும், அடுத்த வாரத்துக்குத் தோற்கும். வீடியோவை இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்கும் பிள்ளை இந்த 81இன் சுகத்தில்தான் எழுந்து போகிறது.

ஆகவே வீடியோவைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டும் முறையையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். இணையவழிப் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசிய ஓர் ஆய்வில் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களில்தான் பார்வையாளர்கள் ஊன்றியிருந்தார்கள். அதனால் நீளமான பாடத்தை ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, திரையைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் நிற்பதை எழுத வேண்டும். 21 நிமிட வீடியோவை நான்கு துண்டாக்கி, இடையிடையே சிறு தேர்வு வைத்த ஒரு சோதனையில் மனம் அலைவது பாதிக்கும் கீழே குறைந்தது. கணக்கு வீடியோ என்றால் கேள்வி திரையில் வந்தவுடனே நிறுத்தவும்; மூன்று நிமிடமாவது தானே முயன்று, எங்கே முட்டுகிறது என்று தெரிந்த பிறகு ஓட்டவும். முட்டாத இடத்தை ஓட்டத் தேவையே இல்லை.

பயிற்சிச் செயலி: எங்கள் முதல் தேர்வு, நிபந்தனைகளோடு

கேள்வி கேட்டு, விடை வாங்கி, உடனே சரி பார்த்துச் சொல்லும் மென்பொருளுக்குத்தான் இந்தத் துறையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. டெல்லியில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வில் நாலரை மாதத்தில் கணக்கு 0.37, இந்தி 0.23 திட்ட விலக்கம் ஏறியது. நாளுக்கு 90 நிமிடம்: 45 நிமிடம் மென்பொருள், 45 நிமிடம் சிறு குழுவாக ஆசிரியரோடு. ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பறையில் ஆறாம் வகுப்புப் பாடம்தான் நடக்கும். மென்பொருள் நான்காம் வகுப்புப் பின்னத்திலிருந்து தொடங்க முடிந்தது. பலனின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வரிசையில் கேள்வி தரும் செயலியை வாங்கினால் இந்தச் சாதகம் இல்லை, அச்சிட்ட பயிற்சித்தாளே போதும்.

ஒரு கேள்வியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 0.35, 0.7: எது பெரிது? 35 ஏழைவிடப் பெரிது என்பதால் 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அதே பிள்ளையிடம் 0.62, 0.4 என்று கேளுங்கள், 0.62 என்று சரியாகச் சொல்லும், அதே தவறான காரணத்தோடு. நீளமான தசமமே பெரிதாக இருக்கும் ஜோடிகளாகப் பத்துக் கேள்வி அமைந்துவிட்டால் பத்துக்குப் பத்து வாங்கி, பச்சை நட்சத்திரத்தோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது, ஆகவே இரண்டு இலக்கத் தசமம் எப்போதுமே சிறியது என்று நம்பும் பிள்ளை. அது முதல் கேள்வியைச் சரியாகச் சொல்லி இரண்டாவதில் விழும். 0.5, 0.50 சமமா என்று கேட்டால் இருவருமே தடுமாறுவார்கள்.

செயலியை வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை இதுவே. நீங்களே மாணவராக உள்ளே போய், 'நீளமானதே பெரிது' என்ற பிழையோடு பிடிவாதமாக விடை சொல்லுங்கள். வெறுமனே 'தவறு' என்று சொல்லி அடுத்த கேள்வியைத் தரும் செயலி மதிப்பெண் போடும் இயந்திரம், அவ்வளவே. உங்கள் பிழையின் வடிவத்தைக் கண்டுபிடித்து, எண்கோட்டில் இரண்டு எண்ணையும் வைத்துக் காட்டி, உடனே அதே வகையில் இன்னொரு கேள்வியைத் தருவது கற்றுக்கொடுக்கிறது. பின்னத்திலும் செய்து பாருங்கள்: 3/4 + 1/2க்கு 4/6 என்று விடை தட்டுங்கள். மேலே மேலையும் கீழே கீழையும் கூட்டியிருக்கிறீர்கள் என்று அது உணர வேண்டும். முக்காலோடு அரையைக் கூட்டினால் ஒன்றைவிடக் குறைவாக வருமா என்று திருப்பிக் கேட்டால் அருமையான செயலி.

தவறிப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். நான்கு விருப்ப விடை மட்டுமே இருந்தால் கண்ணை மூடித் தட்டினாலும் இருபதில் சராசரியாக ஐந்து சரியாகும். விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேள்விகள் பாதியாவது இருக்க வேண்டும். அடுத்தது குறிப்பு பொத்தான். மூன்று முறை அழுத்தினால் கடைசிக் குறிப்பே விடையாக வரும் என்று பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். இரு குறிப்புகளுக்கிடையே காத்திருக்க வைக்கும் அமைப்பும், குறிப்பால் வந்த விடைக்குப் பிறகு அதே மாதிரிக் கணக்கைக் குறிப்பில்லாமல் கேட்கும் அமைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் அறிக்கையில் 'செலவிட்ட நிமிடம்' மட்டும் இருந்தால் பயனில்லை. எந்தக் கேள்வியில் எத்தனை பேர் எந்தத் தவறான விடையைச் சொன்னார்கள் என்பது வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஏழாம் வகுப்புக் கணக்கு வீட்டுப்பாடத்தை இப்படி இணையத்தில் செய்ய வைத்தார்கள். ஆசிரியர்கள் மறுநாள் எல்லாக் கணக்கையும் பார்க்காமல், பலர் தவறிய இரண்டு மூன்றை மட்டும் எடுத்து விளக்கினார்கள். ஒரு இரவுக்குப் பத்து நிமிடத்துக்கும் குறைவான பயன்பாட்டில் 0.18 திட்ட விலக்க லாபம் கிடைத்தது; பின்தங்கியவர்களுக்கே அதிகம்.

மிகப் பெரிய தவறு ஆசிரியரின் நேரத்தை எடுத்துச் செயலிக்குக் கொடுப்பது. குஜராத்தில் ஒரே மென்பொருளை இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு இருக்கிறது. பள்ளி நேரத்தில் ஆசிரியரின் பாடத்துக்குப் பதிலாக வைத்தபோது கணக்கு மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் சரிந்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக வைத்தபோது 0.28 ஏறியது. நல்ல ஆசிரியர் இருக்கும் பாடவேளையில் கை வைக்காதீர்கள். ஆசிரியர் இல்லாத வேளை, வீட்டுப்பாடம், மாலை வகுப்பு ஆகியவற்றில் செயலிக்கு இடம் கொடுங்கள். நேரத்தைக் கணக்கிடும்போது உள்நுழைவையும் சேருங்கள். 40 நிமிடப் பாடவேளையில் கடவுச்சொல் மறந்தவர்களுக்கும் சார்ஜ் இல்லாத கருவிகளுக்கும் 8 நிமிடம் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

ஏஐ: அதே கருவி, இரு வேறு முடிவு

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பயிற்சிக்கு ஜிபிடி-4 என்ற ஏஐ-யைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டால் விடை தரும் சாதாரண வடிவம் கிடைத்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளோடு, விடையைச் சொல்லாமல் படி காட்டும்படி அமைத்த வடிவம் கிடைத்தவர்கள் 127 சதவீதம் மேல். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள், எதுவுமே பயன்படுத்தாதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். ஆசிரியர் வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள் சரியவில்லை, ஆனால் முந்தவும் இல்லை. இதில் கவலைக்குரியது, சரிந்த பிள்ளைகளுக்குத் தாம் சரிந்தது தெரியவில்லை என்பதே.

ஆகவே இன்றைய நிலையில் ஏஐ-யைப் பயிற்சிச் செயலிக்கு மாற்றாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சரிபார்க்கும் துணையாக வைக்கலாம், அதற்கு வரிசை முக்கியம். முதலில் நோட்டில் கணக்கை முடிவுவரை போட வேண்டும், தவறாக இருந்தாலும். பிறகு தன் படிகளை எண் போட்டுத் தட்டச்சு செய்து, 'விடையைச் சொல்ல வேண்டாம். என் படிகளில் முதலில் தவறிய வரி எது என்று மட்டும் சொல். ஏன் என்று நான் சொல்கிறேன்' என்று கேட்க வேண்டும். வரி எண் கிடைத்ததும் உரையாடலை மூடிவிட்டு நோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஏஐ சரியான படியையே தவறு என்று தயங்காமல் சொல்வதும் உண்டு. அதனால் புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்பார்ப்பதை விடக்கூடாது. கட்டுரை எழுதுவதிலும் இதே வரிசை: முதல் வரைவு மாணவருடையது, ஏஐ கேள்வி மட்டும் கேட்கும், திருத்துவது மாணவர்.

விடை வெளியிலிருந்து வந்தால் வீட்டுப்பாடம் என்ன ஆகும் என்பது ஏஐ வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பதினொரு ஆண்டு நடந்த ஆய்வில், வீட்டுப்பாடத்தில் நன்றாகச் செய்தும் தேர்வில் அவற்றோடு தொடர்புடைய கேள்விகளில் சறுக்கிய மாணவர்களின் பங்கு 2008இல் 14 சதவீதமாக இருந்தது. 2017இல் அது 55.

கருவி எங்கே இருக்க வேண்டும்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கவனச்சிதறலின் விலையைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க ராணுவக் கல்விக்கழகத்தில் பொருளியல் வகுப்புகளில் லேப்டாப்பை அனுமதித்த பிரிவுகள் தேர்வில் 0.18 திட்ட விலக்கம் பின்தங்கின. டேப்லெட்டை மேசையில் படுக்கவைத்து மட்டும் பயன்படுத்தலாம் என்ற பிரிவிலும் கிட்டத்தட்ட அதே சரிவு. இன்னொரு சோதனையில், பாடத்தின் நடுவே வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் 11 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய திரை கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு 17. 15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பீசா தேர்வின் 2022 சுற்றிலும், பக்கத்தில் இருப்பவரின் கருவியால் கவனம் சிதறுவதாகச் சொன்ன மாணவர்கள் கணக்கில் 15 புள்ளி குறைவாக வாங்கினார்கள். அதே தேர்வில், பள்ளியில் கற்பதற்காக நாளுக்கு ஒரு மணி நேரம் வரை கருவி பயன்படுத்தியவர்கள் அறவே பயன்படுத்தாதவர்களைவிட 14 புள்ளி கூடுதல். அளவும் நோக்கமும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

பள்ளியில் கைபேசியைத் தடை செய்வது பற்றி முடிவுகள் ஒருமனதாக இல்லை. இங்கிலாந்தில் தடைக்குப் பின் பின்தங்கிய மாணவர்கள் கணிசமாக முன்னேறினார்கள், முன்னணியில் இருந்தவர்களுக்கு மாற்றமில்லை. ஸ்வீடனில் அதே முறையில் பார்த்தபோது எந்த மாற்றமும் தெரியவில்லை. எங்கள் கணிப்பில் இங்கிலாந்தின் முடிவே தடைக்குப் போதுமான காரணம்: லாபம் தேவைப்படுபவர்களுக்குக் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு நஷ்டமில்லை. வீட்டில் படிக்கும் நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். பாடமே கைபேசியில் என்றால், ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ் போட்டு ஒரே செயலியில் பூட்டுங்கள். அறிவிப்புகளின் ஒலியை மட்டும் நிறுத்தினால் போதாது, மேலே வந்து எட்டிப்பார்க்கும் பட்டையையும் நிறுத்த வேண்டும். வகுப்பில் லேப்டாப் தேவைப்படுபவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தால் பின்னாலிருந்து அவர்கள் திரையைப் பார்க்க யாரும் இல்லை.

கடைசி வரிசை என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான், கேட்கும் திறன் குறைந்தவருக்கு வசன வரி, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு உரையை ஒலியாக்கும் வசதி: இவை இந்த ஒப்பீட்டுக்குள் வருவதே இல்லை. இவர்களுக்குக் கருவிதான் புத்தகம். தடை உத்தரவு எழுதும் பள்ளி இந்த விலக்கை அதே தாளில் எழுத வேண்டும், கேட்டு வந்தால் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

உங்கள் பிள்ளைக்கு எது என்று சோதிக்க

பின்தங்கிய கணக்குக்கு நிலையறிந்து கேட்கும் பயிற்சிச் செயலியும் வாரத்தில் சில மணி நேரம் ஒரு மனிதரும். கோட்பாட்டுப் பாடத்துக்குத் தாளும் நினைவிலிருந்து எழுதுவதும். அசைவுள்ளவற்றுக்குத் துண்டாக்கிய வீடியோ. இதுவே எங்கள் தொடக்கத் தேர்வு. ஆனால் ஐந்து வாரத்தில் நீங்களே சோதிக்கலாம். ஏறக்குறைய ஒரே கடினமுள்ள இரண்டு பாடங்களை எடுத்து, முதலாவதை இரண்டு வாரம் ஒரு முறையிலும், அடுத்ததை இரண்டு வாரம் மற்ற முறையிலும், சமமான நேரம் கொடுத்துப் படிக்க வையுங்கள். ஒவ்வொன்றும் முடிந்த ஏழாம் நாள், கருவி எதுவும் இல்லாமல், தாளில் பத்துக் கேள்வி. முடித்த அன்றே வைத்தால் மேலே சொன்ன 81, 75 கதைதான் நடக்கும். ஒன்று இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தை நம்ப வேண்டாம். முறையை மாற்றி வேறு இரண்டு பாடங்களில் திரும்பச் செய்து, இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செயலி காட்டும் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது குறிப்புகளோடு வந்தது. ஏழாம் நாளுக்கான பத்துக் கேள்வியையும் பாடம் தொடங்குமுன்னே எழுதி உறையில் மூடிவிடுங்கள். பிறகு எழுதினால், கை அறியாமலே அந்தச் செயலியில் வந்த கணக்குகளின் சாயலில் எழுதிவிடும்.